மாடியில் ஒரு குடித்தனம்! கொல்லையில் ஒரு குடித்தனம்!

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள், ஏறத்தாழ பாதி வழியில் ஓர் ஊரைப் பார்ப்பார்கள். அதுதான் கந்தர்வக்கோட்டை.

சிவந்த மண். அதில் முந்திரித் தோப்புகள். புதுக்கோட்டைப் பக்கமாக இன்னும் சிறிது தூரம் போனால் ஆதனக்கோட்டை வரும். அங்கே சாலை ஓரத்தில் முந்திரிக் கொட்டையை வறுத்து, உடைத்து, பருப்பை விற்பார்கள். அந்த வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்து மூக்கைத் துளைக்கும்.

இந்தப் பக்கம் மட்டும் அல்ல, தமிழ்நாட்டில் எந்தச் சிற்றூரை நெருங்கினாலும் இப்போது ஒரு காட்சி கண்ணில் படுகிறது. நேற்று வரை விளைநிலமாக இருந்த இடத்தில் வரிசையாகக் கல் நட்டிருக்கும். கல்லின் தலையில் மஞ்சள் வர்ணம். நடுவே ஒரு மண் சாலை. முகப்பில் ஒரு வளைவு. வளைவின் மேல் ஏதோ ஒரு "நகர்" என்று பெயர் எழுதியிருக்கும்.

உள்ளே போனால் வீடும் இல்லை, ஆளும் இல்லை. ஆடுகள்தான் மேய்ந்துகொண்டிருக்கும்!

ஊருக்கு வெளியே இப்படி மனைகள் காலியாகக் கிடக்கின்றன. ஊருக்கு உள்ளேயோ, கல்யாணமான பிள்ளைக்கு ஓர் அறை ஒதுக்க முடியாமல் பெற்றோர்கள் தவிக்கிறார்கள்.

இது என்ன வேடிக்கை?

இரண்டு பிள்ளைகள், ஒரு வீடு

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடையில் அவர்கள் வீடு. மனையின் முகப்பு 20 அடி, நீளம் 100 அடி. தகப்பனார் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய தளம் போட்ட வீடு. பின்னால் நீண்ட கொல்லை. அதில் ஒரு கிணறு, ஒரு முருங்கை, இரண்டு தென்னை.

தகப்பனார் காலமாகிவிட்டார். மூத்த மகனுக்கு இரண்டு குழந்தைகள். இளையவனுக்குத் தை பிறந்தால் கல்யாணம்.

"அண்ணன் இங்கேயே இருக்கட்டும்மா. நான் நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு மனை வாங்கி வீடு கட்டிக்கிறேன். அங்கேதான் விலை சல்லிசு" என்கிறான் இளையவன்.

"வீடு கட்டிக்கலாம்டா. ராத்திரியிலே எனக்கு மூச்சு முட்டினா, நீ வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?" என்கிறாள் தாய்.

அவன் பதில் பேசவில்லை.

மூத்த மருமகளுக்கும் ஒரு கவலை உண்டு. ஏற்கெனவே நாலு பேர் நின்றால் நெருக்கும் சமையற்கட்டு. அங்கே இன்னொரு அடுப்பா? அவள் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால், பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே அது தெரிந்துவிடுகிறது!

இதில் யார் மீதும் குற்றம் இல்லை. இடம்தான் இல்லை. இடமே இல்லையா என்ன? தலைக்கு மேலே மொட்டை மாடி காலியாகக் கிடக்கிறது. பின்னால் கொல்லை கிடக்கிறது. ஆனால், வீடு என்றால் தனி மனை, தனி மதில் என்றே எல்லாரும் நினைத்துப் பழகிவிட்டோம்.

சல்லிசு மனையின் முழு விலை

நாலு கிலோமீட்டர் தள்ளிப் போனால் மனை விலை குறையும். அது உண்மை. ஆனால், பத்திரம் பதிந்த அன்றோடு செலவு முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

காலையில் பால் வாங்க வண்டி வேண்டும். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட வண்டி வேண்டும். மருந்துக் கடைக்குப் போக வண்டி வேண்டும். கணவன் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டால், மனைவி அந்த "நகரில்" சிறை இருக்க வேண்டியதுதான்.

2021-ம் ஆண்டு மே மாதம், தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் காசில்லாமல் போகலாம் என்ற திட்டம் வந்தது. "விடியல் பயணம்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வேலைக்குப் போகிற பெண்களுக்கு மாதாமாதம் கணிசமான பணம் மிச்சமாயிற்று. ஆனால், பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்து போகக் கூடிய தூரத்தில் வீடு இருந்தால்தானே அந்த மிச்சம்? பஸ்ஸே வராத இடத்தில் குடியேறியவளுக்கு, இலவசப் பயணம் காகிதத்தில்தான் இருக்கும்.

தெருவிளக்கு, தண்ணீர்க் குழாய், சாக்கடை இவையெல்லாம் வர எத்தனை வருஷம் ஆகுமோ! பத்து மனைக்கு ஒரு வீடு என்று சிதறிக் கிடக்கும் இடத்துக்குக் குழாய் போட எந்த ஊராட்சிக்கும் கை வராது.

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. அது தோப்பு.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தையும் அது சும்மா விடவில்லை. முந்திரியும் தென்னையும் வேரோடு சாய்ந்தன. குடிசைகளின் கூரை பறந்தது. விழுந்த தோப்பை மறுபடி காய்க்க வைக்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மனையாகப் பிரித்து விற்றாலோ, கையில் உடனே ரொக்கம்! கடன்பட்ட விவசாயி எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லவும் வேண்டுமா?

விளைநிலங்கள் கண்டபடி மனைகளாவதைப் பார்த்துப் பொதுநல வழக்குத் தொடுத்தார்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-ம் ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அப்போதுதான், அரும்பாடுபட்டு வாங்கிய மனை அங்கீகாரம் இல்லாதது என்பதே பலருக்குத் தெரிந்தது! 2017-ல் அரசாங்கம் அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் கொண்டுவந்தது.

ஓர் ஏக்கர் கணக்கு

இனி ஒரு சின்னக் கணக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போடலாம்.

ஓர் ஏக்கர் என்பது 100 சென்ட். அதாவது 43,560 சதுர அடி. அதில் சாலைக்கும் பொது இடத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு போனால் மீதி சுமார் 29,000 சதுர அடி.

ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) வீதம் பிரித்தால் 12 மனை. மனைக்கு ஒரு குடும்பம் என்றால் 12 குடும்பம்.

அரைக் கிரவுண்டு வீதம் பிரித்தால் 24 மனை. ஒவ்வொன்றிலும் கீழே ஒரு குடித்தனம், மாடியில் ஒரு குடித்தனம் என்றால் 48 குடும்பம்!

அதே ஓர் ஏக்கர்தான். மீதி மூன்று ஏக்கர் முந்திரிக்கு மிச்சம்.

குழாய்க் கணக்கையும் பாருங்கள். வீட்டின் முகப்பு 40 அடி என்றால், ஒரு வரிசையில் 100 வீட்டுக்கு 4,000 அடி குழாய் போட வேண்டும். முகப்பு 20 அடி என்றால் 2,000 அடி போதும். விளக்குக் கம்பமும் பாதி. சாலையும் பாதி.

ஒண்டுக்குடித்தனம் அல்ல!

"ஐயோ! மறுபடியும் ஒண்டுக்குடித்தனமா?" என்று பெரியவர்கள் பயப்படலாம். அந்தப் பயம் நியாயமானதுதான்.

ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஒரே வாசல். ஒரே குழாயடி. விடியற்காலையில் கழிப்பறைக்கு வரிசை. விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் முகம் கோணும். இரவு 10 மணிக்கு மேல் விளக்கு எரிந்தால் சண்டை.

ஆனால், அங்கே கஷ்டத்துக்குக் காரணம் நிறையக் குடும்பங்கள் இருந்தது அல்ல. பத்துக் குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை இருந்ததுதான் காரணம்! நெருங்கி வாழ்வது வேறு, நெரிசலில் வாழ்வது வேறு. தனி வாசல், தனி அடுப்பு, தனிக் கழிப்பறை, காற்று வர ஒரு ஜன்னல், தனி மின்சார மீட்டர் இருந்துவிட்டால், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு குடும்பம் சந்தோஷமாகவே இருக்கலாம்.

தஞ்சாவூர்ச் சீமையின் பழைய தெருக்கள் அப்படித்தான் இருந்தன. திண்ணையை ஒட்டித் திண்ணை. சுவரை ஒட்டிச் சுவர். வெளிச்சத்துக்கு நடுவில் முற்றம். வாசலில் நின்று குரல் கொடுத்தால் நாலு வீட்டில் கேட்கும். அதை யாரும் நெரிசல் என்று சொல்லவில்லை.

அரும்பாக்கத்தில் நடந்தது என்ன?

சிறு மனையில், குடும்பமே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்ளும் வீடுகள் நல்ல ஊராக மாறுமா? மாறும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது.

1970-ம் ஆண்டில் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. குடிசைகள் இருந்த இடத்தில் மாடிக் குடியிருப்புகளை அரசாங்கமே கட்டிக் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால், செலவு கட்டுக்கு அடங்கவில்லை. கட்டிய வீடுகளை விட, வீடு வேண்டிக் காத்திருந்தவர்களின் கூட்டம் வேகமாக வளர்ந்தது.

அப்போது வேறு ஒரு யோசனை பிறந்தது. வீட்டை அரசாங்கம் கட்ட வேண்டாம். மனையைப் பிரித்து, சாலை போட்டு, தண்ணீரும் சாக்கடையும் மின்சாரமும் கொடுத்துவிடுவோம். வீட்டை மக்களே கட்டிக்கொள்ளட்டும்!

1977-ம் ஆண்டு, உலக வங்கியின் கடன் உதவியோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. முதலில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய மூன்று இடங்கள். பின்னர் முகப்பேர் போன்ற இடங்களும் சேர்ந்தன. அன்றைக்கு இவையெல்லாம் பட்டணத்துக்கு வெளியே இருந்த புறநகர்ப் பகுதிகள்.

மிக ஏழைகளுக்கான மனை ஒரு சென்ட்டை ஒட்டிய அளவுதான். அதன் ஒரு மூலையில் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும். பணத்தைத் தவணையில் கட்டலாம். பெரிய சாலையை ஒட்டிய பெரிய மனைகளை வசதியுள்ளவர்களுக்கு நல்ல விலைக்கு விற்றார்கள். அந்த லாபம் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தது. ஏழையும், குமாஸ்தாவும், கடைக்காரரும் அடுத்தடுத்த தெருக்களில் குடிவரும்படி திட்டத்தையே அமைத்திருந்தார்கள்.

நடந்தது என்ன?

முதலில் ஏமாற்றம்தான். மனைகள் வெகு நாள் காலியாகக் கிடந்தன. "திட்டம் தோற்றுவிட்டது" என்று பெரிய நிபுணர்களே எழுதினார்கள். 1990-களின் நடுவில் இந்த முறையைக் கிட்டத்தட்டக் கைகழுவிவிட்டார்கள்.

ஆனால், குடிவந்த மக்கள் கைகழுவவில்லை!

முதலில் ஓலைக் கூரை. சீட்டுப் பணம் கிடைத்ததும் சுவர். மகன் சம்பாதிக்கத் தொடங்கியதும் தளம். மகள் கல்யாணத்துக்கு அப்புறம் மாடி. மாடியை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் அடுத்த மாடி. இப்படியே வீடு வளர்ந்தது. 1996-ல் கோயம்பேட்டில் காய்கறிச் சந்தை வந்தது. 2015-ல் மெட்ரோ ரெயிலின் முதல் தடம் திறந்தபோது, அரும்பாக்கத்தில் ஒரு நிலையமே இருந்தது. பட்டணமே அவர்களைத் தேடி வந்துவிட்டது!

ஓவன்ஸ், குல்யானி, ரிஸ்வி என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள், சென்னையிலும் பம்பாயிலும் இப்படி உருவான 15 இடங்களை இருபது ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 2018-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். தோற்றுப்போனதாகச் சொல்லப்பட்ட இடங்கள், நல்ல வசதிகளோடு, பல தரப்பு மக்களும் சேர்ந்து வாழும் பகுதிகளாக மாறியிருந்தன. அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொன்னவர்கள்தான் தோற்றுப்போனார்கள்.

இதைக் கேட்டால் புதுக்கோட்டைக்காரர்கள் சிரிப்பார்கள். "தெருவை ஒழுங்காகப் போட்டால் வீடு தானாக வரும் என்பது எங்களுக்குத் தெரியாதா?" என்பார்கள். அவர்களுக்குத் தெரியும்! 1878-ம் ஆண்டு முதல் 1894-ம் ஆண்டு வரை அந்தச் சமஸ்தானத்தில் திவானாக இருந்த சேஷய்யா சாஸ்திரி, புதுக்கோட்டை நகரத்தைத் திருத்தி அமைத்தவர். நூல் பிடித்தாற்போல் நேரான வீதிகள், குறுக்கே வெட்டும் வீதிகள், ராஜ வீதியை அடுத்து இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று எண்ணிச் சொல்லக் கூடிய அமைப்பு! அந்த வீதிகளில் எத்தனையோ வீடுகள் இடிந்து, எத்தனையோ வீடுகள் எழும்பிவிட்டன. வீதி மட்டும் அப்படியே இருக்கிறது.

அரை வீடு கொடுத்த அரசாங்கம்!

கடல் தாண்டி ஒரு கதை.

தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு நாடு. அங்கே இகிகே என்ற துறைமுகப் பட்டணத்தின் நடுவில், ஏறத்தாழ 100 ஏழைக் குடும்பங்கள் 30 ஆண்டுகளாகக் குடிசை போட்டு வாழ்ந்துவந்தன. அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்க அரசாங்கம் ஒதுக்கிய பணம் குடும்பத்துக்கு 7,500 டாலர். நிலம், குழாய், வீடு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்!

ஊருக்கு வெளியே போனால் நிலம் மலிவு. முழு வீடே கட்டலாம். ஊருக்கு நடுவே என்றால் நிலத்துக்கே பெரும் பணம் போய்விடும். அரை வீடுதான் கட்ட முடியும்.

அலெஹாந்த்ரோ அரவேனா என்ற கட்டடக் கலைஞர் என்ன செய்தார் தெரியுமா? அந்த அரை வீட்டையே கட்டினார்! குளியலறை, சமையற்கட்டு, படிக்கட்டு, தாங்கும் சுவர் போன்ற கஷ்டமான பாதியை அரசாங்கப் பணத்தில் கட்டிவிட்டு, பக்கத்தில் அதே அளவுக்குக் காலி இடம் விட்டார். கையில் காசு வரும்போது மீதிப் பாதியைக் குடும்பங்களே கட்டிக்கொண்டன. யாரும் தங்கள் வேலையையும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் விட்டு ஓட வேண்டியிருக்கவில்லை. 2004-ல் முடிந்த இந்தக் குடியிருப்பின் பெயர் கின்டா மன்ரோய். 2016-ல் அரவேனாவுக்கு, கட்டடக் கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

அரும்பாக்கத்துக் கொத்தனார்கள் அதற்கு வெகு நாள் முன்பே இதைச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பரிசு கொடுக்கத்தான் ஆள் இல்லை!

சட்டம் இடம் கொடுக்கிறதா?

நம் கந்தர்வக்கோட்டைக் குடும்பத்துக்கு வருவோம். 20 அடிக்கு 100 அடி. மொத்தம் 2,000 சதுர அடி.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வந்தன. சாதாரணக் கட்டடங்களுக்கு, மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை எல்லாத் தளங்களையும் சேர்த்துக் கட்டலாம் என்பது அதில் உள்ள கணக்கு. அதாவது, 2,000 சதுர அடி மனைக்கு 4,000 சதுர அடி. சாலைப் பக்கமும் மற்றப் பக்கங்களிலும் விட வேண்டிய இடைவெளியை விட்டுவிடத்தான் வேண்டும்.

அவர்களுக்கு எவ்வளவு தேவை? இருக்கிற வீடு 720 சதுர அடி. அதன் மேல் மாடியாக இன்னொரு 720. கொல்லையில் தாய்க்கு ஒரு சின்ன வீடு 360. எல்லாம் சேர்த்து 1,800 சதுர அடி. சட்டம் கொடுக்கிற இடத்தில் பாதி கூட ஆகவில்லை!

360 சதுர அடியில் வீடா என்று நினைக்க வேண்டாம். கிராமத்துக் குடிசைகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு கட்டித்தர 2024-ல் தமிழ்நாடு அரசாங்கம் அறிவித்த "கலைஞரின் கனவு இல்லம்" திட்டத்திலும் வீட்டின் அளவு 360 சதுர அடிதான். அதற்கு அரசாங்கம் ஒதுக்கிய உதவித் தொகை மூன்றரை லட்சம் ரூபாய்.

முன்பெல்லாம் கட்டட அனுமதி என்றாலே அலைச்சல். அதற்குப் பயந்தே பலர் அனுமதி வாங்காமல் கட்டினார்கள். 2024-ம் ஆண்டு ஜூலை மாதம் சுயசான்று முறை வந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், வீடு 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால், வீட்டுக்காரரே உண்மை சொல்லிக் கம்ப்யூட்டர் வழியாக விண்ணப்பித்துப் பணம் கட்டிவிடலாம். முன்கூட்டியே அதிகாரி வந்து இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது இல்லை. அனுமதி உடனே வந்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பத்திரமும் பட்டாவும் சரியாக இருக்க வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். அண்ணன் தம்பிக்குள் யாருக்குக் கீழே, யாருக்கு மேலே என்பதைச் செங்கல் இறக்குவதற்கு முன்பே எழுதிப் பதிந்துவிடுவது நல்லது. எத்தனையோ குடும்பங்களில் சுவர் எழும்பிய பிறகுதான் பாகம் பிரிக்கும் பேச்சு எழும்பியிருக்கிறது!

கஷ்டம் எங்கே?

எல்லாம் சுலபம் என்று சொன்னால் அது பொய்.

முதல் கஷ்டம் கழிவுநீர். ஒரு குடும்பம் மூன்று குடும்பமானால் கழிவுநீரும் மூன்று மடங்காகும். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் மலக்குழித் தொட்டிதான் கதி. அது குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். உங்கள் கிணறு மட்டும் அல்ல, பின்வீட்டுக்காரர் கிணறும் கணக்கில் உண்டு! நீண்ட மனையில் தொட்டியைத் தெருப் பக்கம் வைத்து, கிணற்றைக் கொல்லையோடு விட்டுவிட்டால் பிழைத்தோம். கழிவுநீர் வண்டியின் குழாய் எட்டும் இடமாகவும் அது இருக்க வேண்டும். தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆளைக் கொல்லும் வேலை அது. அந்த எண்ணமே வேண்டாம்.

கொல்லைக் குறுகலாக இருந்து, கிணற்றுக்கும் தொட்டிக்கும் இடைவெளி கிடைக்காத மனைகளும் நிறைய இருக்கின்றன. அங்கே மூன்றாவது குடித்தனம் வேண்டாம். மாடியோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது, தண்ணீர். 2003-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அன்று போட்ட குழாய் இன்று பல வீடுகளில் உடைந்து அழகுக்குத் தொங்குகிறது. மாடி கட்டும் வீடு முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். கொல்லை முழுவதும் சிமெண்டு போட்டு மூடிவிட்டால், கிணறு எங்கிருந்து ஊறும்?

மூன்றாவது, வெயில். நம் பக்கத்து வெயிலில் மாடி வீடு கொதிக்கும். கூரையில் தட்டோடு பதித்து, வெள்ளை அடித்தால் ஓரளவு தப்பலாம். மேற்குப் பக்கம் இருக்கிற மரத்தை மட்டும் வெட்டவே கூடாது. வீடு கட்டப் போகிறோம் என்றதும் முதலில் கோடாலியைத் தேடுவது நம்மில் பலருக்குப் பழக்கம்!

ஊராட்சிக்கும் வேலை உண்டு. குடும்பம் பெருகிய தெருவுக்குத் தண்ணீரும் பெருக வேண்டும், குப்பை வண்டியும் கூடுதலாக வர வேண்டும். அதைச் செய்யாமல், மாடி மாடியாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னால், பழைய ஒண்டுக்குடித்தனமே மாடி ஏறிய கதையாகிவிடும். இதற்கு ஆகும் செலவு, காலி "நகர்" ஒன்றுக்குப் புதிதாகச் சாலையும் குழாயும் போடுகிற செலவுக்கு எத்தனையோ மடங்கு குறைவுதான்.

தகப்பனார் விட்டுப்போன கம்பி

தமிழ்நாட்டில் எந்த மொட்டை மாடிக்குப் போனாலும் ஒரு காட்சி தெரியும். தூண்களின் தலையிலிருந்து இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் மேல் கொடி கட்டித் துணி உலர்த்துவார்கள். பார்ப்பதற்கு அசிங்கம்தான். ஆனால், கட்டியவர் மனத்தில் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. "நம்மால் முடிந்தது கீழ்த்தளம். பிள்ளை தலையெடுத்தால் மேலே கட்டிக்கொள்வான்" என்பதுதான் அந்தக் கணக்கு.

நம் குடும்பத்துத் தகப்பனாரும் ஆறு தூணிலும் அப்படிக் கம்பியை விட்டுப்போயிருக்கிறார்.

இளையவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியரை அழைத்துக்கொண்டு மாடிக்கு ஏறுகிறான். அவர் கம்பியில் உள்ள துருவைச் சுரண்டிப் பார்க்கிறார். தூணைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார். கீழே இறங்கி, அஸ்திவாரத்தைப் பார்க்க ஒரு மூலையில் தோண்டச் சொல்கிறார்.

"நாலு தூண் நன்றாக இருக்கிறது. இரண்டு தூணுக்குச் சட்டை போட்டு பலப்படுத்த வேண்டும். துருப்பிடித்த கம்பியை அப்படியே வைத்துக் கட்டக் கூடாது. செலவு கொஞ்சம் கூடும்" என்கிறார்.

"புது மனை விலையை விடக் கூடுமா சார்?"

"அந்தப் பேச்சே இல்லை."

அன்று மாலை வீட்டில் ஒரு புது விவாதம். வீடு கட்டலாமா, வேண்டாமா என்பது அல்ல. படிக்கட்டு எங்கே வைப்பது?

வீட்டுக்குள்ளே வைக்கலாம் என்கிறான் மூத்தவன். அப்படி வைத்தால் இடம் மிச்சம்.

மூத்த மருமகள் அன்றுதான் முதல் தடவையாக வாய் திறக்கிறாள்.

"வெளியே வையுங்க. அவளுக்கும் தனி வாசல் வேணும்."

தாய் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு போய், வாசலுக்கு இடது பக்கம், தென்னை நிழல் விழாத இடமாகப் பார்த்துத் தரையில் ஒரு கோடு போடுகிறாள்.